எல்லா இடமும் ஒரே பாட்டிலில்

அந்த டிசம்பரை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. சரிதா பெட்டிகளோடு வந்து இறங்கிய அன்று மழை பெய்ததாக எனக்கு ஞாபகம். அவள் அப்பாவோ, இல்லை, பெய்யவில்லை என்பார். மழை முந்தின வாரத்தோடு விட்டுவிட்டது, அன்று வெயில் காய்ந்தது என்பார். அவர் சொல்வதே சரியாக இருக்கலாம். ஒரு நாள் நடந்ததை இன்னொரு நாளோடு சேர்த்துவிடுகிறேன். யார் எந்த அறையில் நின்று எதைச் சொன்னார்கள் என்பதெல்லாம் கலங்கிப் போயிருக்கிறது. சொன்ன சொற்கள் மட்டும் கலங்கவில்லை. அவை அப்படியே இருக்கின்றன.

சரிதா எங்கள் ஒரே மகள். சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் கான்ட்ராக்டில் இருந்தாள். நடுக்கடலில், ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில், தரையிலிருந்து அள்ளி வந்த மண்ணில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பிரித்து எண்ணுவது அவள் வேலை. சென்னையில் வெள்ளம் வந்தபோது நிறுவனத்தின் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அங்கே அடுக்கியிருந்த மண் பாட்டில்கள் மிதந்து, கவிழ்ந்து, மூடி கழன்று வீணாயின. மாடியில் இருந்தவை மட்டும் தப்பின. கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை. தன் பேராசிரியையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, தப்பிய பாட்டில்களை மீன்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி தெர்மாகோல் பெட்டிகளில் அடுக்கி, மைக்ராஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, வாடகைக் காரில் நெய்வேலிக்கு வந்துவிட்டாள். எங்கள் ஊரில் வேறு எது இல்லாவிட்டாலும் கரண்ட் இருக்கும்.

அப்போது நாங்கள் பதினெட்டாம் பிளாக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் கணவர் ராஜேந்திரனுக்கு சர்வீஸில் அதுதான் கடைசி வருடம். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம் என்று கிடைத்த வேலை. இளவயதில் லேபில் உதவியாளராகச் சேர்ந்தவர், அதே லேபில் முடிக்க இருந்தார். அங்கே அவர் செய்ததை நான் கண்ணால் பார்த்ததில்லை. அவர் சொல்லிக் கேட்டதுதான். சுரங்கத்திலிருந்து பெல்ட்டில் வருகிற லிக்னைட் நிலக்கரியில் ஒவ்வொரு ஷிப்டிலும் பல இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுப்பார்கள். ஒன்று ஈரமாக இருக்கும், ஒன்றில் களிமண் கலந்திருக்கும், ஒன்று நன்றாக எரியும். எல்லாவற்றையும் கொட்டி, உடைத்து, கலந்து, கூம்பாகக் குவிப்பார்கள். கூம்பின் தலையைத் தட்டி நான்காக வகுத்து, எதிரெதிர்க் கால் இரண்டை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டைத் தள்ளிவிடுவார்கள். மிஞ்சியதை மறுபடி குவிப்பார்கள், மறுபடி வகுப்பார்கள். கடைசியில் நிற்கிற ஒரு கைப்பிடிதான் அந்த ஷிப்டின் மொத்த லிக்னைட்டுக்கும் சாட்சி. பாய்லர்காரர்களுக்கு வேண்டியது ஒரே ஓர் எண். பத்து இடத்துக்குப் பத்து எண் சொன்னால் திட்டுவார்கள்.

அதில் அவருக்குப் பெயர் இருந்தது. ராஜேந்திரன் வகுத்த சாம்பிள் என்றால் இரண்டாம் தடவை சோதிக்க மாட்டார்களாம். இதைப் பக்கத்து குவார்ட்டர்ஸ் வெள்ளைச்சாமி அண்ணன்தான் என்னிடம் சொல்வார். உசிலம்பட்டிக்காரர். அதே லேப், அதே ஷிப்ட். இவரை மாப்ள என்பார், என்னைத் தங்கச்சி என்பார், சரிதாவுக்கு மாமா. என் கணவர் பேசாததை எல்லாம் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

சாப்பாட்டு மேசையை ஜன்னலோரம் தள்ளி, சரிதா அங்கே உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வீடு முழுக்க, பாட்டில்களில் இருப்பது கெடாமல் இருக்க ஊற்றியிருந்த ஸ்பிரிட்டின் வாடை. பாட்டிலிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்துத் தட்டையான கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளுவாள். உயிராக இருந்ததெல்லாம், பாட்டிலில் முன்பே கலந்து வைத்த சாயம் ஏறி இளஞ்சிவப்பாக இருக்கும். மற்றது வெறும் மணல். ஒரு பாட்டில் முடிய ஒரு நாள் ஆகும், சில சமயம் இரண்டு. நான் எதிரே நூலகப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவளும் பேச மாட்டாள், நானும் பேச மாட்டேன். அந்த மௌனம் எனக்குப் பிடித்திருந்தது. பின்னால் வந்த மௌனத்தோடு சேர்த்து அதை நினைக்கக் கூடாது என்று இப்போதும் முயற்சி செய்கிறேன்.

வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வெள்ளைச்சாமி அண்ணன் வந்து பாட்டில்களைப் பார்த்துவிட்டு, "ஏன் மாப்ள, நாம இங்கன தோண்டுனது பத்தலையா? ஒம் மக கடலுக்குள்ள போயி மைன்ஸ் போடப் போறாளாம்ல?" என்றார்.

சரிதா தலையைத் தூக்கவில்லை. "நான் போடல மாமா. அங்க வேணாம்னு சொல்றதுக்குத்தான் எண்ணிக்கினு இருக்கேன்."

"அப்ப ஜெயிக்க மாட்ட, ஆத்தா."

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

அன்று மாலைதான் என்று நினைக்கிறேன், போன மாதத்துக் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் படம் போட்டு எங்களுக்கு விளக்கினாள். அந்த ஆழத்தில் வெளிச்சம் கிடையாது. மேலே செத்து, மெல்ல மெல்ல இறங்கி வருகிற துகள்தான் சாப்பாடு. கடலடி எல்லாம் ஒரே சேறு, பாலைவனம் மாதிரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. வெறும் சேற்றுத் தரை ஒரு பக்கம். உருளைக்கிழங்கு மாதிரி உலோக உருண்டைகள் பரவிக் கிடக்கிற தரை ஒரு பக்கம். ஓர் உருண்டை அரிசியளவு வளரப் பல லட்சம் வருடம் ஆகும். அதற்கப்பால் ஒரு மலை, அதன் கல் சரிவு. சரிவின் அடியில் ஒரு பள்ளம், துகள் வந்து தேங்குகிற இடம். சேற்றில் இருக்கிறது உருண்டையில் இருக்காது. உருண்டையில் ஒட்டி நிற்கிறது சரிவில் இருக்காது. இடம் எத்தனை விதமோ உயிரும் அத்தனை விதம். இடத்தை ஒரே மாதிரி ஆக்கிவிட்டால் உயிரும் ஒரே மாதிரி ஆகிவிடும். அவ்வளவுதான் அம்மா நான் சொல்ல வருவது, என்றாள்.

அந்த உருண்டைகளுக்காக ஒரு நிறுவனம் இயந்திரம் இறக்கிச் சோதனை செய்யப் போகிறது. எந்தப் பகுதியில் என்று பொங்கல் கழிந்ததும் ஒரு குழு கூடி முடிவு செய்யும். எல்லாம் ஒரே சேறுதான், சரிவையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த நிறுவனம் எழுதிக் கொடுத்திருந்தது. சரிவிலும் உருண்டைத் தரையிலும் இருக்கிற உயிர்கள் வேறு என்று சரிதாவின் எண்ணிக்கை காட்டினால் அந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டு வேறு பகுதியைப் பார்ப்பார்கள். அவளுடைய டாக்டர் பட்டமும் கான்ட்ராக்டும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. ஆனால் அவள் கவலைப்பட்டது அதற்கில்லை. பெற்றவளுக்கு அது தெரியும்.

என் கணவர் காலண்டர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "மேடு, பள்ளம், கல்லு, சேறு. நம்ம நெலம் மாரியே இருக்குதே," என்றார்.

தன் நிலத்தைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது அபூர்வம். செம்மண் மேட்டில் முந்திரி, களிமண் தாழ்வில் நெல், ஓடையோரம் மணல் திட்டு என்று கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். மைன்ஸுக்கு எடுத்தபோது மேல்மண்ணை எல்லாம் இயந்திரம் வாரி ஒரே குன்றாகக் கொட்டியது. இப்போது அந்தக் குன்றின்மேல் வரிசை வரிசையாக ஒரே மரம். பஸ்ஸில் போகும்போது தெரியும். அவர் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார். வருத்தத்தினாலா, பழகிப் போனதாலா என்று நான் கேட்டதில்லை.

சேற்றுத் தரை பாட்டில்களைச் சரிதா முதலில் முடித்தாள். அவற்றில் உயிர் குறைவு, சீக்கிரம் முடியும். பிறகு உருண்டைத் தரையின் முதல் பாட்டிலைத் திறந்தாள். சமையலறையிலிருந்து என்னையும், குளித்துக்கொண்டிருந்தவரையும் கூப்பிட்டாள். அவர் ஈரத் தலையோடு வந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். ஒரு நூலைவிட மெல்லிய கைகள் ஐந்து. நடுவில் பொட்டு மாதிரி உடம்பு. ஒரு நட்சத்திரமீன் குஞ்சு.

"இது சேத்துல நிக்காதுப்பா," என்றாள். "புடிச்சுக்கிறதுக்கு ஒரு கல்லு வேணும் இதுக்கு. அந்த உருண்டைய எடுத்துட்டா இது நிக்க எடமே இல்ல."

அவர் கண்ணை எடுக்கவில்லை. தலையிலிருந்து தண்ணீர் மேசையில் சொட்டிக்கொண்டிருந்தது. சரிதா தன் துப்பட்டாவால் அதைத் துடைத்தாள். என்ஜினியரிங் படிக்கவில்லை என்று அவளோடு வருடக்கணக்கில் சரியாகப் பேசாமல் இருந்தவர் அவர். அன்றிலிருந்து ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அவளுக்குச் சல்லடை கழுவிக் கொடுக்க ஆரம்பித்தார். சல்லடை அவருக்குப் புதிதில்லை. ஓட்டை அடையாமல் அடிப்பக்கத்திலிருந்து தண்ணீர் விட வேண்டும் என்பது போன்றதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. லேபிலிருந்து பழைய விளக்கு ஒன்றை வாங்கிவந்து மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் பொருத்தினார். அப்பாவும் மகளும் ஒரே மேசையில். நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தையே படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த முதல் பாட்டில் முடிந்து, அடுத்ததைப் பாதி பார்த்தபோதுதான் சரிதாவின் முகம் மாறியது. இரண்டும் ஒரே உருண்டைத் தரையிலிருந்து எடுத்தவை. ஆனால் ஒன்றில் இருந்த வகைகள் மற்றதில் இல்லை. செத்த கடற்பஞ்சின் காம்பு ஒன்று நின்றால் அதைச் சுற்றி ஒரு கூட்டம் இருக்குமாம். இரண்டு முழம் தள்ளினால் வேறு கூட்டமாம். உண்மையில் அவள் சொல்ல வந்ததே அதுதான். ஆனால் அதைக் கணக்கில் காட்ட நிறைய பாட்டில்கள் எண்ணி முடித்தாக வேண்டும். நாள் இல்லை. கண் இரண்டும் வீங்கியிருந்தன.

ஒரு மதியம் தோழியிடம் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். இது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"ஒண்ணுக்கொண்ணு ஒத்தே வர மாட்டேங்குதுடி," என்றாள் சரிதா. "பாட்டிலுக்குப் பாட்டில் வேற வேறயா வருது. இத வச்சிகினு நான் என்னத்த சொல்றது, சொல்லு."

அவர் கை சோற்றில் ஒரு கணம் நின்றது. பிறகு சாப்பிட்டு முடித்து எழுந்தார். அன்று முழுக்க எதையோ யோசித்துக்கொண்டே இருந்தார். கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார்.

கிறிஸ்துமஸ் கழிந்து, குழுவுக்கு முன்னோட்டமாகப் பேச வேண்டும் என்று பேராசிரியை கூப்பிட்டதால், அந்த இரண்டாம் பாட்டிலைப் பாதியில் விட்டுவிட்டுச் சரிதா சென்னைக்குப் போனாள். மறுநாள் திரும்பிவிடுவதாகச் சொன்னாள். போகும்போது அப்பாவிடம், பாட்டில்களில் ஸ்பிரிட் குறைந்திருந்தால் கொஞ்சம் ஊற்றி வையுங்கள் என்று மட்டும் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

மறுநாள் நான் குறிஞ்சிப்பாடியில் என் சொந்த அண்ணன் பேத்திக்குக் காது குத்து என்று காலையிலேயே போய்விட்டேன். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது முன்கதவு திறந்திருந்தது, உள்ளே ஆளில்லை. பின்பக்கம் தகடு உரசுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன்.

முருங்கை மரத்து நிழலில் நீலத் தார்ப்பாய் விரித்திருந்தது. ஒரு பக்கம் அவர், எதிர்ப்பக்கம் வெள்ளைச்சாமி அண்ணன். இருவரும் குந்தி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஈர மணல் மாதிரி ஒரு சின்னக் குவியல், வெளிர்ச் சிவப்பில். அவர் கையில் ஒரு தகடு இருந்தது. குவியலின் தலையை மெல்லத் தட்டினார், குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு இழுத்தார். வெள்ளைச்சாமி அண்ணன் எதிரெதிர்க் கால் இரண்டையும் சிந்தாமல் வழித்து மரத்தடியில் கொட்டினார். மிஞ்சியதை அவர் ஒரு பாட்டிலில் போட்டு, ஸ்பிரிட் ஊற்றி, மூடியைத் திருகினார். இருவரும் பேசவே இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து செய்த வேலை, பேச்சுக்கு அவசியம் இருக்கவில்லை. அழகாகக்கூட இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என்னைப் பார்த்ததும் வெள்ளைச்சாமி அண்ணன் எழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு, "தங்கச்சி, இனி புள்ளைக்குக் கண்ணு வலிக்காது," என்றார்.

துவைக்கிற கல்லின் மேல் காலிப் பாட்டில்கள், கழுவி, கவிழ்த்து, வரிசையாக இருந்தன. அவர்கள் விரல்கள் எல்லாம் சாயம் ஏறிச் சிவந்திருந்தன. என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு அப்போது புரியவில்லை. ஏதோ அவள் சொல்லிவிட்டுப் போன வேலை என்றுதான் நினைத்தேன். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

இருட்டுவதற்குள் சரிதா வந்துவிட்டாள். சென்னையில் நன்றாகப் போயிருந்தது. பேராசிரியைக்கு நம்பிக்கை வந்துவிட்டதாம். உருண்டைத் தரையில் இன்னும் சில, சரிவில் சில, அவ்வளவு முடித்தால் போதும் என்றாராம். பேசிக்கொண்டே கால் கழுவப் பின்பக்கம் போனாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது. மறுபடி கேட்கவில்லை.

நாங்கள் போனபோது அவள் துவைக்கிற கல்லின் முன் நின்றுகொண்டிருந்தாள். தொடவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள்.

அவர் உள்ளே போய் அந்த ஒரு பாட்டிலை இரண்டு கையாலும் எடுத்து வந்தார். ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் எந்த இடத்து மண் என்று பென்சிலால் எழுதிய சிறு தாள் ஒன்று இருக்கும். அவர் அத்தனை தாளையும் கிழியாமல் அலசி, சுருட்டி, அதே பாட்டிலுக்குள் போட்டிருந்தார். லேபில் அப்படித்தான் செய்வார்களாம். எதெது சேர்ந்தது என்று தெரிய வேண்டும் அல்லவா.

"முடிச்சிட்டேம்மா," என்றார். "நீ இனிமே ஒரு பாட்டில் பாத்தா போதும். எல்லா எடமும் இதுல இருக்குது."

சரிதா அதை வாங்கிக்கொண்டாள். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"எது எந்த எடம்ப்பா?" என்றாள்.

மெதுவாகத்தான் கேட்டாள். அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு, அந்த வாய் திறந்தபடியே, அவருக்குப் புரிந்தது. ஒரு மனிதனுக்குப் புரிவதை நான் அவ்வளவு கிட்டத்திலிருந்து பார்த்ததில்லை. இனிப் பார்க்கவும் வேண்டாம்.

அவள் பாட்டிலைக் கல்லில் வைத்துவிட்டுச் சல்லடையை எடுத்துக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போய் மண்டியிட்டு உட்கார்ந்தாள். சிவப்பாகத் தெரிந்ததை எல்லாம் கையால் வழித்து எடுத்தாள். எறும்பு ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. எங்கள் தோட்டத்து மண், எங்கள் ஊருக்கே உரிய கரித்தூசி, முருங்கைப் பூ, எறும்பு எல்லாம் சல்லடையில் சேர்ந்து வந்தன. தண்ணீர் விட்டு அலசினாள். மறுபடி வழித்தாள். அவர் குனிந்து உதவப் போனார். அவள் அவர் கையைத் தட்டிவிடவில்லை. அவர் தானாகவே நிமிர்ந்து நின்றுகொண்டார். இருட்டிக் கண் தெரியாமல் போகிற வரை அவள் அங்கேயே இருந்தாள்.

இரண்டு நாள் வீட்டில் யாரும் பேசவில்லை. மூன்றாம் நாள் நான் பேராசிரியையின் குரலை ஸ்பீக்கரில் கேட்டேன். அந்த அம்மாள் கோபப்படவில்லை. ஒரு நட்சத்திரமீன் எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாவிட்டால் அது கடலில் இருந்தது என்று மட்டும்தான் எழுதலாம், அது போதாது சரிதா, என்றார். அனுமதி கொடுத்தது என் தப்பு என்றும் சொன்னார். சரிதா, சரிங்க மேடம் என்று வைத்துவிட்டாள். மறுபடி கப்பல் போய் எடுத்து வர முடியாதா என்று கேட்டேன். அடுத்த தடவை கப்பல் போவது இயந்திரத்தோடுதான் என்றாள்.

அன்று மதியச் சாப்பாட்டின்போதுதான் அவர் தைரியம் செய்துகொண்டு, இப்போதும் அதில் ஏதாவது பார்க்க முடியுமா என்று அவளிடம் கேட்டார். அப்படிக் கேட்காமல் இருந்திருக்கலாம். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நம்ம நெலத்தையும் இப்டித்தானப்பா கலந்து ஒரே மேடா கொட்டுனாங்க. அவுங்ககிட்டதான நீங்க வேல கத்துக்கினீங்க."

அவர் எழுந்து கை கழுவினார். தட்டில் சோறு அப்படியே இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு, நேரமாகவில்லை என்றாலும், சைக்கிளை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். சரிதாவும் சாப்பிடவில்லை. நான் இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு போனேன்.

அவள் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் யாராலும் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியவில்லை. பொய்யாக இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பாள், அவரும் விட்டிருப்பார்.

வெகு நாள் கழித்து, என்னிடம் மட்டும், அதுவும் நான் கேட்காமலே, அவர் ஒரு முறை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னார். "ஒத்து வரலன்னுதான அவ சொன்னா, காந்தி? ஒத்து வரலன்னா கலக்கணும். வேற என்னா செய்யறதுன்னு எனக்குத் தெரியாது." அப்போது அவர் நகக்கண்களில் சாயம் போய்விட்டிருந்தது. ஆனாலும் அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

சரிதா பொங்கல் வரைக்கும் இருந்து அந்த ஒரு பாட்டிலைப் பிரித்து முடித்தாள். யாருக்கும் பயன்படாது என்று தெரிந்தே செய்தாள். புரட்டி உருட்டியதில் மெல்லிய உடம்புகள் நசுங்கியிருந்தன. கை இல்லாத நட்சத்திரங்கள், எந்த உடம்போடும் சேராத கைகள். ஆனாலும் எத்தனையோ வகை இருந்தது. ஒரு முறை என்னைக் கூப்பிட்டு, முள்ளங்கி விதையளவு சிப்பி ஒன்றைக் காட்டினாள். இந்த வகையை இதுவரை யாரும் எழுதவில்லை என்று தோன்றுகிறது என்றாள். சரிவிலிருந்து வந்திருக்கலாம். பள்ளத்திலிருந்தும் வந்திருக்கலாம். அவர் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை.

குழு கூடியபோது அவளிடம் இருந்தது சேற்றுத் தரையின் எண்ணிக்கையும், உருண்டைத் தரையில் ஒரே ஒரு பாட்டிலும்தான். ஒன்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். சேற்றில் உயிர் குறைவு என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மற்றவை என்ன ஆயின என்று ஒருவர் கேட்டாராம். மாதிரிகள் கலந்துவிட்டன என்று இவள் சொன்னாளாம். எப்படி என்று கேட்டபோது, என் கவனக்குறைவு என்றாளாம். அப்பா பெயரைச் சொல்லவில்லை. இதை அவளோடு போயிருந்த தோழி எனக்கு ஃபோனில் சொன்னாள். நான் அவரிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் அன்று பின்பக்கம் போய் அந்தத் தார்ப்பாயைச் சிறிது சிறிதாகக் கத்தரித்துக் குப்பையில் போட்டார்.

மைன்ஸைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன், கடலைப் பற்றியும் இப்போது தேடித் தேடிப் படிக்கிறேன். கண்ணுக்கே தெரியாத ஓர் இடத்தில், ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு, பல லட்சம் வருடமாக யாருக்கும் தெரியாமல் நின்றிருக்கிறது ஓர் உயிர். அதற்கு அந்தக் கல் வேண்டும், வேறு கல் ஆகாது. அதற்குப் பக்கத்துக் கல்லில் இன்னொன்று. இதைச் சொல்ல ஒருத்தி வந்தாள், அவள் என் வயிற்றில் பிறந்தாள், அவளைத் தடுத்தது அவள்மேல் இருந்த பிரியம். இதற்கு மேல் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

சரிவையும் சேர்த்தே அந்தப் பகுதியை நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். கப்பல் இயந்திரத்தோடு போய்ச் சோதனையை முடித்துவிட்டுத் திரும்பியது. சரிதாவின் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை, பட்டத்தையும் அவள் முடிக்கவில்லை. கோயம்புத்தூரில் குடிநீர் பரிசோதிக்கிற ஒரு லேபில் வேலை செய்கிறாள், பண்டிகைக்கு வந்தால் அப்பாவிடம் மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள். அவர் சாப்பிட்டேன் என்கிறார். வெள்ளைச்சாமி அண்ணன் ஓய்வு பெற்று உசிலம்பட்டிக்குப் போய்விட்டார். சரிதாவின் முகத்தைப் பார்க்க முடியாமல், சொல்லிக்கொள்ளாமலே போனார். என் கணவர் மே மாதம் ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து கொடுத்துவிட்டு, குறிஞ்சிப்பாடியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எங்களுக்குப் பின்னால் குவார்ட்டர்ஸுக்கு வந்தவர்கள் முருங்கை மரத்தை வெட்டிவிட்டார்கள். பாட்டில் எங்கள் பீரோவில் இருக்கிறது. ஸ்பிரிட் குறைகிறபோது அவர் ஊற்றி வைக்கிறார்.